அள்ளாத சாணி

கட்டுத்தறியில் விழுந்த சாணி அமுச்சிக்கு. கொறங்காட்டில் விழுந்தது வண்டுகளுக்கு. எங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, அமுச்சி வீட்டில் யாரும் எழுதிவைக்காத பாகப்பிரிவினை அது. விடிகாலையில் அமுச்சி கட்டுத்தறியைக் கூட்டி, வாசல் தெளிக்க ஒரு கை, வரட்டி தட்ட ஒரு கூடை என்று ஒதுக்கிவிட்டு மீதியைக் குப்பைக்குழியில் கொட்டுவார். மாடுகள் பகலெல்லாம் மேய்ந்து திரிந்த கொறங்காட்டுக்குள் அவர் கூடையோடு போனதே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க போயி எதை அள்ளறது சாமி? பொழுதோட போட்டது விடியறதுக்குள்ள மண்ணாப் போயிருமே" என்றார்.

கொறங்காடு என்பது காடு அல்ல. காங்கயம், தாராபுரம், வெள்ளகோயில் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். மழை குறைந்த சீமையில் காங்கயம் மாடு உயிர்பிடித்து நின்றதே இந்த நிலத்தால்தான். வெள்வேல நெற்று உதிரும் காலத்தில் மாடுகள் மரத்தடியை விட்டு நகராது. உரம் என்று தனியாக யாரும் அங்கே கொட்டியதில்லை. மாடு போட்டதுதான் உரம். அதை மண்ணுக்குள் இறக்குகிற வேலைக்குக் கூலியில்லாத ஆட்கள் இருந்தார்கள்.

ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் காலையில் அந்த ஆட்களைப் பார்க்க வேண்டும். மயிலைப் பசு வாலைத் தூக்கி, சாணி பொத்தென்று விழுந்து, ஆவி அடங்குவதற்குள் ரீங்காரம் கேட்டுவிடும். முதலில் எள்ளளவு இருக்கிற சின்னதுகள் வந்து இறங்கும். பிறகு பெரியது ஒன்று எங்கிருந்தோ பறந்துவந்து, இறங்கத் தெரியாமல் சாணியின் ஓரத்தில் முட்டி மல்லாந்து விழும். காலை உதறிப் புரண்டு எழுந்து நேரே வேலைக்குப் போகும். தலையின் முன்விளிம்பு பல்பல்லாக இருக்கும். அதுதான் அதற்கு மண்வெட்டி. சாணியைக் கீறி, வெட்டி, முன்கால்களால் தட்டித் தட்டித் தன்னைவிடப் பெரிய உருண்டையாக்கும். அதன் பிறகுதான் வேடிக்கை. முன்காலைத் தரையில் ஊன்றித் தலைகீழாக நின்று, பின்காலால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கும். வழியில் இன்னொன்று வந்து உருண்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சண்டை வரும். ஜெயித்தது உருட்டிக்கொண்டு போகும். தோற்றது சாணிக்குத் திரும்பிப் புதிதாகத் தொடங்கும். நாங்கள் பீயுருட்டி என்று கத்திக்கொண்டு பின்னாலேயே போவோம். நடுவில் ஒரு குச்சியைப் போட்டுத் தடுத்தால் சுற்றிப் போகும். கல்லை வைத்தால் ஏறப் பார்த்து உருண்டு விழும், மறுபடி ஏறும். பள்ளிக்கூடத்து மணி அடித்தது கூடக் காதில் விழாது.

உருட்டுகிறவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை சாணிக்கு நேர் கீழேயே மண்ணைத் துளைத்து, சாணியை அடியில் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவைத்து, அதில் முட்டையிடுகிறவை. காலால் சாணியைப் புரட்டினால் விரல் பருமனுக்குத் துளைகளும், துளை வாயில் புது ஈரமண் குவியல்களும் தெரியும். இன்னும் சில, எங்கும் போகாமல் சாணிக்குள்ளேயே குடியிருந்து முட்டையிட்டுப் பெருகுகிறவை. மறுநாள் அந்த இடத்தில் கிடப்பது சாணியே அல்ல. சல்லடையில் சலித்த தூள். மிதித்தால் பறக்கும்.

இந்தக் கூட்டத்தை நம்பி இன்னொரு கூட்டம் இருந்தது. கொண்டலாத்தி சாணிக்குள் மூக்கை விட்டுக் குடையும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை திடீரென்று இறங்கி ஒரு வண்டைக் கவ்விக்கொண்டு போகும். மாட்டு முதுகில் சவாரி செய்யும் கரிச்சானுக்குச் சாணியில் எழும் ஈ போதும். உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியிலேயே நடக்கும். ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் சாணி போடும். ஒவ்வொன்றும் ஒரு சந்தை. கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு அப்புச்சி வருஷத்துக்கு ஒருமுறை போவார். நாங்கள் இந்தச் சந்தைக்குத் தினமும் போனோம்.

சாணிமேல் யாருக்கும் அருவருப்பு இருந்ததாக நினைவில்லை. பட்டிப்பொங்கலன்று கட்டுத்தறி நடுவில் சாணியால் கரை கட்டித் தெப்பக்குளம் செய்வோம். உள்ளே தண்ணீர் விட்டு, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்து, பூசை முடிந்ததும் மாட்டை அதில் மிதிக்க விட்டு ஓட்டுவோம். கரை கட்டுகிற வேலை பேரப்பிள்ளைகளுக்கு. முழங்கை வரைக்கும் சாணியோடு திரிந்த அன்றைக்கு யாரும் கை கழுவச் சொன்னதில்லை.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டே போனால் அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்ததுபோல் தோன்றிவிடும். கன்றுக்குட்டியைக் கேட்டால் அப்படிச் சொல்லாது. பானை வயிறும் சிலிர்த்து நிற்கும் மயிருமாக, மண்ணை நக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் கன்று எல்லார் கட்டுத்தறியிலும் ஒன்றாவது இருந்தது. வயிறெல்லாம் பூச்சி. கழிச்சல் கண்டால் கொஞ்ச நாளில் காலை மடக்கிவிடும். அப்புச்சி வேப்பங்கொழுந்தும் தும்பையும் சோற்றுக்கற்றாழையும் இடித்துச் சாறெடுத்து மூங்கில் கொட்டத்தில் ஊற்றி, கன்றின் தாடையைத் தூக்கிப் பிடித்துக் கடைவாய் வழியாகப் புகட்டுவார். பாதி கன்றுக்குள் போகும். பாதி அவர் வேட்டியில். பிழைத்தது பிழைத்தது. பிழைக்காத கன்றின் தாய் ராத்திரியெல்லாம் கத்துகிற சத்தத்தைக் கேட்டவர்கள் இயற்கை, சமநிலை என்றெல்லாம் சுலபமாகப் பேச மாட்டார்கள். உண்ணி வேறு. காதுமடலுக்குள்ளும் மடிச்சந்திலும் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பிறகு அந்தச் சின்ன பாட்டில் வந்தது. ஐவர்மெக்டின். கழுத்தோரத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து அடியில் ஒரு ஊசி. ஐம்பது கிலோ எடைக்கு ஒரு மில்லி. முந்நூறு கிலோ மாட்டுக்கு ஆறு மில்லி. அந்த ஆறு மில்லிக்குள் இருக்கும் மருந்து வெறும் 60 மில்லிகிராம். ஆனால் வயிற்று உருண்டைப்புழு, நுரையீரல் புழு, சொறிப்பூச்சி எல்லாம் ஒரே ஊசியில் போயிற்று. உண்ணி குறைந்தது. அப்புச்சிக்குப் பிறகு பண்ணையம் பார்த்த மாமனுக்கு அது மந்திரமாகத் தெரிந்தது. "ஒரு ஊசி, அம்புட்டுத்தான். மாடு மினுமினுன்னு ஆயிருச்சு பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாட்டின் முதுகைத் தடவிக் காட்டுவார். கொட்டம் அட்டாலிக்குப் போனது.

மந்திரம் என்று மாமன் சொன்னதில் மிகையில்லை. அதன் கதையும் அப்படித்தான். ஜப்பானில் இடோ நகரத்தின் கவானா பகுதியில், ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கம் 1970-களில் அள்ளிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து அது. கிட்டசாட்டோ நிறுவனத்தில் சடோஷி ஓமுரா அந்த நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்து அமெரிக்காவின் மெர்க் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே வில்லியம் கேம்பெல்லின் குழு அது புழுக்களைக் கொல்வதைக் கண்டது. 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1987 முதல் ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு என்ற நோய்க்காக மனிதர்களுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. கண் போகாமல் தப்பியவர்கள் ஏராளம். 2015-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணிலிருந்து வந்த மருந்து என்பதில் எனக்கு ஒரு கிறக்கமே உண்டு. மாட்டின் வழியாக அது மறுபடி மண்ணுக்குப் போகும்போதுதான் தொல்லை.

புழு, பூச்சி, உண்ணி இவற்றின் நரம்பில் ஒரு வாயில் இருக்கிறது. மருந்து அதைத் திறந்து வைத்துவிடும். நரம்பு ஓய்ந்து, பூச்சி முடங்கிச் சாகும். பசுவுக்கு அந்த மாதிரி வாயில் கிடையாது, ஆகவே பசுவுக்கு ஒன்றும் ஆகாது. பசுவின் உடம்பு அதை முழுசாகச் சிதைக்கவும் செய்யாது. சில நாளில் தொடங்கிச் சில வாரம் வரைக்கும், போட்ட மருந்தின் பெரும்பகுதி சாணி வழியாகவே வெளியே வரும். வந்த பிறகும் மருந்து மருந்துதான். மாட்டு வயிற்றில் இருக்கும் பூச்சி வேறு, சாணியில் இருக்கும் பூச்சி வேறு என்று அதற்குத் தெரியாது.

ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் குடிக்கக் கூடாது, கறிக்கு எத்தனை நாள் வெட்டக் கூடாது என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். நம் வாய்க்கு வருகிற இரண்டுக்கும் கணக்கு உண்டு. பின்னால் விழுவதற்கு மட்டும் யாரும் கணக்கு வைக்கவில்லை. 1987-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் வால், லெஸ் ஸ்ட்ராங் இருவரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கன்றுகளின் வயிற்றுக்குள் இருந்துகொண்டே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கசியவிடும் குளிகையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து கொடுக்காத கன்றுகளின் சாணி நூறு நாளில் பெரும்பாலும் மட்கிப் போயிருந்தது. மருந்து கொடுத்தவற்றின் சாணி போட்டது போட்டபடியே கிடந்தது. உள்ளே வண்டுப் புழு இல்லை, ஈப் புழுவும் இல்லை. குளிகை நாள்கணக்கில் கசிவது, ஊசி அப்படியல்ல என்று மறுத்தவர்களும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் டென்மார்க், கனடா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று அடுத்தடுத்துப் பார்த்தவர்கள், ஊசி போட்ட மாட்டின் சாணியிலும் சில வாரங்களுக்கு ஈப் புழுக்களும் வண்டுப் புழுக்களும் வளராததைக் கண்டார்கள்.

வளர்ந்த வண்டு பெரும்பாலும் உடனே சாகாது. இதுதான் இதில் ஏமாற்றும் இடம். சாணியில் வண்டு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று போய்விடுவோம். ஆனால் தின்ற வண்டின் முட்டை குறைகிறது. இட்ட முட்டையிலிருந்து வந்த புழு, அம்மா உருட்டிவைத்த உருண்டையையே தின்று சாகிறது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2015-இல் இன்னொன்றும் சொன்னார்கள். மிகக் குறைந்த அளவு மருந்தே வண்டின் உணர்கொம்பை மந்தமாக்கி, தசையின் வலுவையும் குறைத்துவிடுகிறதாம். சாணி வாசத்தை மோப்பம் பிடித்துப் பறந்துவந்து வயிற்றைக் கழுவுகிற பிராணிக்கு மூக்கும் போய்க் காலும் போனால் மிச்சம் என்ன?

ஈ மறுபடி எழுந்துவிடும். நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுப் பத்து நாளில் அடுத்த தலைமுறையைப் பார்க்கிற ஜாதி அது. சாணிவண்டு அப்படி அல்ல. சில வகைகளில் ஒரு பெண் வண்டு மண்ணுக்கடியில் நாலைந்து உருண்டைகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முட்டையிட்டு, குஞ்சு வெளியேறும் வரை பூஞ்சை பிடிக்காமல் துடைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருக்கும். ஒரு மழைக்காலத்துக் குஞ்சு போனால் போனதுதான். மாட்டைக் கடிக்கிற கொம்பு ஈயும் குடற்புழுவின் முட்டையும் பெருகுவது இதே சாணியில்தான். சாணியைக் கிளறிக் காயவைத்து, புதைத்து, அவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்ததும் இதே வண்டுதான். புழுவுக்குப் போட்ட மருந்து புழுவின் எதிரியையும் சேர்த்து அடித்துவிட்டது.

வண்டு இல்லாத மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 1788-இல் வெள்ளைக்காரர்கள் மாட்டைக் கொண்டு போனார்கள். சாணிவண்டைக் கொண்டு போகவில்லை. அங்கிருந்த வண்டுகள் கங்காருப் புழுக்கைக்குப் பழகியவை, ஈரச் சாணியைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாணி காய்ந்து தட்டுத்தட்டாகக் கிடந்து புல்லை மூடியது. ஈ பெருகி மனிதர் முகத்தில் அப்பியது. ஹங்கேரியிலிருந்து குடியேறிய ஜார்ஜ் போர்னமிஸா என்ற பூச்சியியலாளர் இதைப் பார்த்துத் திகைத்து, வெளிநாட்டு வண்டுகளைத் தருவிக்கும் திட்டத்துக்கு அடிபோட்டார். 1968 முதல் நாற்பதுக்கு மேற்பட்ட வகைகளை அங்கே விட்டார்கள். இருபதுக்குச் சற்று மேற்பட்டவை நிலைத்தன. ஒரு தேசம் காசு கொடுத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததை நாம் காசு கொடுக்காமலேயே வைத்திருந்தோம்.

மாமனின் கொறங்காடு இன்னும் இருக்கிறது. போன புரட்டாசி மழைக்குப் பிறகு போயிருந்தபோது சாணி தட்டுத்தட்டாகக் கிடந்தது. ஒன்றைப் புரட்டினேன். முழுசாக, உடையாமல், மூடிபோல் வந்தது. அடியில் புல் வெளிறிப் படுத்திருந்தது. ஓரத்தில் கறையான் மண் பூசியிருந்தது. துளை ஒன்றிரண்டு இருந்தன. இல்லையென்று சொல்ல முடியாது.

ஒரே பாட்டிலின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அக்கம்பக்கத்துக் கொறங்காடுகள் சைட்டாகிவிட்டன, தென்னையாகிவிட்டன. மேய்கிற மாட்டுக்குப் பதில் கொட்டகையில் கட்டிப்போட்ட கலப்பினப் பசு நிற்கிறது. உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின் இருக்கிறதே, அதுவும் சாணிக்குள் போய் வண்டைக் கொல்லும். சொல்லப்போனால் இன்னும் வேகமாக. புது சைட்டுகளில் இரவெல்லாம் எரியும் விளக்குக்கும் பங்கு இருக்கலாம். ஆப்பிரிக்காவில் இரவில் உருட்டும் ஒரு வண்டு பால்வீதி வெளிச்சத்தைப் பார்த்து நேர்கோடு பிடித்துப் போகிறது என்று 2013-இல் நிரூபித்தார்கள். வண்டின் தலைக்குச் சின்ன அட்டைத் தொப்பி போட்டு வானத்தை மறைத்துப் பார்த்தார்களாம். திசை தெரியாமல் சுற்றியிருக்கிறது. நாங்கள் குச்சியைப் போட்டுத் தடுத்ததற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை, இவர்களுக்குக் கேலி நோபல் கிடைத்தது.

மாட்டுக்குப் போட்ட மருந்தால் வேறொன்று போன கதை நமக்குத் தெரியாததல்ல. வலிக்கு டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2004-இல் காரணம் தெரிந்தது, 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடைசெய்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவற்றை இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கழுகு பெரிய பறவை, விழுந்தால் தெரியும். வண்டு மண்ணுக்கடியில் முட்டையோடு முடிந்துபோகிறது. அதற்காகத் துக்கம் விசாரிக்க யார் வரப்போகிறார்கள்?

தென்னை வைத்திருப்பவர்களிடம் வண்டு என்று வாயெடுத்தாலே சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்வது குப்பைக்குழியில் புழுவாகக் கிடந்து குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டு. அது வேறு, மேய்ச்சல் நிலத்துச் சாணிவண்டு வேறு. இதை எத்தனை பேருக்குச் சொல்வது என்று எங்கள் உறவில் இருக்கும் ஒரு கால்நடை டாக்டரம்மா சலித்துக்கொள்வார். அவரைத்தான் மாமனிடம் அழைத்துப் போனேன்.

அவர் மருந்தைத் திட்டவில்லை. சொறி பிடித்த மாட்டுக்கு அது வேண்டும், கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்காமல் விடக் கூடாது என்றார். "மூணு மாசத்துக்கொருக்கா எல்லா மாட்டுக்கும் ஊசின்னு வெச்சிருக்கறதைத்தான் மாமா நிறுத்தோணும். சாணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன். குடல்புழு மட்டுந்தான்னா ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போதும், அது வண்டை அவ்வளவாத் தொடாது. ஊசியே போட்டாலும் மழைக்காலத்துல போட வேண்டாம். போட்ட மாட்டை ஒரு மாசம் கட்டுத்தறியிலயே வெச்சுச் சோளத்தட்டுப் போடுங்க."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப இனி மாட்டுக்கு ஊசி போடோணும்னா வண்டைக் கேட்டுட்டுத்தான் போடோணுமாக்கும்?"

"வண்டைக் கேக்க வேண்டாம் மாமா. என்னைக் கேட்டாப் போதும்."

மாமன் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அதே வாரம் சொறி வந்த காரிப் பசுவுக்கு மட்டும் ஊசி போட்டுக் கட்டுத்தறியில் கட்டியிருக்கிறார். அதன் சாணியில் ஒரு கூடையும், ஊசி போடாத மயிலையின் சாணியில் ஒரு கூடையும் எடுத்துக் கொறங்காட்டு வேலியோரம் தனித்தனியே குவித்து, பக்கத்தில் குச்சி நட்டுத் தேதியும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். நாலாம் நாள் கோழிகள் புகுந்து இரண்டையும் கிளறி ஒன்றாக்கிவிட்டன. போனில் கோழியைத் திட்டிவிட்டு, புதுச் சாணி வைத்தாயிற்று, இந்தத் தடவை மேலே கூண்டைக் கவிழ்த்திருக்கிறேன், கம்பி இடுக்கில் வண்டு போகும், கோழி போகாது என்றார்.